ராக்கெட்டுல தலையத் திருப்பாதீங்க

உக்கார வெச்ச எடத்துலயே ஆளுகளை ஆகாசத்துக்கு அனுப்பறதுதானுங்க என் பொழப்பு. போய்ட்டு வந்தவங்க மொதல்ல திட்டறதும் என்னையத்தான். கடையோ, பேங்கோ, பஸ்ஸோ, சனங்க முன்னால நிக்கற வேலை பாக்கற உங்களுக்கு இந்தப் பாடு நல்லாவே தெரியும்.

கேரளா எல்லையில மீனாட்சிபுரம் பக்கத்துல, தென்னந்தோப்புக்கு நடுவுல ஒரு தீம் பார்க். அங்க ராக்கெட் கூண்டு என் பொறுப்பு. கதவைச் சாத்தினதும் திரையில ராக்கெட் கெளம்பும்; அதே நேரம் கூண்டு ராட்டினமாட்டம் சுத்தும். சுத்தற வேகத்துல நெஞ்சு மேல பாரம் அழுத்தும். வெளிய எதுவும் தெரியாததால, மேல பாயறோம்னு ஒடம்பு நம்பிரும். தலை மட்டும் நேரா இருக்கோணும். திருப்பினா சுத்தறது காதுக்குள்ள தெரிஞ்சு கொடலப் பெரட்டிரும். தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதி ஒட்டியிருக்கறேன், யார் படிக்கறாங்க?

போன மாசம் மொதலாளி வந்து, "வாந்தி ஜாஸ்தியாப் போச்சு. வெள்ளிக்கெழம நானே ஏறிப் பாக்கறேன், சரியில்லீன்னா கழட்டிரலாம்"னுட்டார். கூண்டு போனா நானும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெத்த மனசு

பக்கத்துச் சித்தூர்க்கார அக்கா ஒருத்தங்க மகனைப் பக்கத்துல வெச்சுட்டு ஏறினாங்க. தலையத் திருப்பாதீங்கன்னு மூணு தடவ சொன்னேன். ராக்கெட் கெளம்பினதும் பையன் பக்கம் திரும்பிட்டாங்க. பையன் சிரிச்சுட்டே எறங்கினான். அக்கா வாளியக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்தாங்க. ஏனுங்க்கா திரும்பினீங்கன்னு கேட்டேன்.

"அவன் பயந்துட்டானான்னு பாத்தேன் அம்மணி. அவன் என்னைய ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கலியே."

சயின்ஸ் வாத்தியார்

ஒரு வாத்தியார் வரிசையில நின்னு, இது வெறும் சுத்து, மேலயும் போகாது கீழயும் போகாதுன்னு எல்லாத்துக்கும் கேக்கறாப்புல பாடம் எடுத்துட்டார். இருக்கற கூட்டமும் போயிருமேன்னு எனக்கு எரிச்சல். ஏத்தி விட்டேன். அம்மான்னு அவர் போட்ட சத்தம் டிக்கெட் கவுண்டர் வரைக்கும் கேட்டுதாம். எறங்கி, கண்ணாடியத் தொடச்சுட்டே சொன்னார்:

"சுத்துதுன்னு எனக்குத் தெரியும். என் ஒடம்புக்குத்தான் தெரியல."

சக்குபள்ளத்துக்காரங்க

சக்குபள்ளம் மலையில ஏலக்காத் தோட்டத்துல வேலை பாக்கற பொம்பளைக பத்துப் பேர் வந்தாங்க. ஒருத்தருக்குக்கூட வாந்தி இல்ல, ஒருத்தர்கூட தலையத் திருப்பல. எப்படீங்கன்னு கேட்டேன். மூத்தவங்க சொன்னாங்க:

"மலை பஸ்ஸுல முன்னால பாத்தே உக்காந்து பழகிட்டோம் தாயி. ஆனா எங்க டிரைவரு அத ராக்கெட்டுன்னு சொல்லி ஏத்த மாட்டாரு."

வெள்ளிக்கெழம

மொதலாளி சலவை வேட்டியோட வந்தார். பெல்ட்டை மாட்டிட்டு, தலைய மட்டும் திருப்பாதீங்கன்னேன். "எம்பட மிஷினுக்கு நீ எனக்குச் சொல்லித் தர்றயா?"ன்னார்.

கூண்டுக்குள்ள இருக்கற கேமராவுல பாத்துட்டே இருந்தேன். மனுசன் எடது பக்கம் ஸ்க்ரூவப் பாக்கறார், வலது பக்கம் பெயிண்ட்டப் பாக்கறார். என் கை நிறுத்தற பட்டன் மேல. அமுத்தினா மிஷின் கெட்டுப் போச்சும்பார், அமுத்தாட்டி அவரே கெட்டுப் போவார். பாவமாத்தான் இருந்துச்சு, அமுத்திட்டேன். அதுக்குள்ள வேட்டி போச்சு.

சோடாவக் குடிச்சுட்டு தலையத் தொங்கப் போட்டு உக்காந்தார். என் கணக்கத் தீத்துருவார்னு பக்கத்துலயே நின்னேன். மெதுவா நிமிந்து, சொன்னார்:

"கழட்ட வேண்டாம் அம்மணி. ஞாயித்துக்கெழம எம்பட பங்காளி வர்றான்; அவங்கிட்ட மட்டும் தலையத் திருப்பாதீன்னு சொல்லிப் போடாதே."

ஊரார் வாந்தியில போகப் பாத்த என் வேலை, மொதலாளி வாந்தியில நெலச்சிருச்சுங்க.