சன்னல் ஓர சீட்டு

“பசுவந்தனை, பசுவந்தனை, எடமிருக்கு, உக்காந்துட்டுப் போலாம்.” கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரை மணிக்கு சுடலைமணி குரலெடுத்தால் டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். மணியாச்சியில் மதுரை ரயிலுக்குக் காத்திருந்த ஒருவர் அந்தக் குரல் கேட்டு மனம் மாறி, கோவில்பட்டியில் இறங்கிப் பசுவந்தனை போய்ச் சேர்ந்தார். அங்கேயே பெண்ணும் கட்டிவிட்டார். நம்பாதவர்களுக்கு அவருடைய மூத்த பிள்ளையைக் காட்டலாம்.

மினி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது சுடலைமணியின் வேலை. காதில் ஒரு பேனா. அதை வைத்து அவர் எழுதியதை யாரும் பார்த்ததில்லை. ஏறுகிற ஒருவரையும் சும்மா ஏற விடமாட்டார். “அண்ணாச்சி, மூலம் தேவலையா? கம்பியப் புடிச்சு நின்னே போங்க.”

அந்த வாய் தன்னையும் விடவில்லை என்பதுதான் மகள் வள்ளிமயிலின் குறை. பசுவந்தனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். படியில் கால் வைத்ததும் அப்பா ஊருக்கே சொல்வார்: “ஏட்டி மயிலு, சன்னல் பக்கம் போ. எக்கா, கொஞ்சம் நவுந்துக்கோங்க, எம் மவளுக்கு வாந்தி வரும்.” வாந்தி வந்தது அவள் ஆறாம் வகுப்பு படித்தபோது. இப்போது அவளிடம் ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் அதே பஸ்ஸில் வருகிறார்கள். அவர்களுக்கு அவள் ‘வாந்தி மிஸ்’.

போன மாதம் சொல்லிவிட்டாள். “பஸ் ஸ்டாண்டுல என்னயத் தெரியாத மாதிரி இருங்கப்பா.”

சுடலைமணி பேனாவை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். “அம்புட்டுத்தானட்டி? செஞ்சிட்டாப் போச்சு.”

மறுநாள், “பசுவந்தனைக்கா மேடம்? உள்ள போங்க, படியில நிக்காதிய” என்றார். அவர் முகத்தில் உட்கார்ந்த ஈக்குக்கூட அவளைத் தெரியாது. சன்னல் சீட்டும் போயிற்று. நடுவில் நெருங்கி உட்கார்ந்து போனவளுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து வயிற்றைப் புரட்டியது. கேட்டது கிடைத்த பிறகு எதற்குக் கோபம் வருகிறது, யார்மேல் வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. வீட்டில் பழையபடி “ஏட்டி, சாப்பிட்டியா” என்பவரிடம் எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது?

புதிதாகச் சேர்ந்த ஜெயஷீலா டீச்சர் ஒருநாள் பஸ் கிளம்புமுன் கேட்டாள். “என்ன கத்து கத்துதாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“தெரியாது.”

வாசல் கம்பியைப் பிடித்து நின்ற சுடலைமணி, “என்னயெல்லாம் அவியளுக்கு எப்படித் தெரியும் டீச்சர்” என்றார், வெகு மரியாதையாக.

நேற்று வள்ளிமயில் டிபன் பாக்ஸை அடுப்படியில் மறந்துவிட்டுப் புறப்பட்டாள். வீட்டைப் பூட்டிப் பின்னால் சைக்கிளில் வந்த சுடலைமணி அதை எடுத்து வந்தார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. தெரியாத மேடத்துக்கு எப்படிக் கொடுப்பது?

“இது யாரோட டிபன் பாக்ஸு? கீழ கெடந்துச்சு.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “என்னுது” என்று கை நீட்டினாள்.

“சும்மா குடுக்க முடியாது மேடம். நாளப்பின்ன வேற யாரும் கேட்டா? உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க.”

கிண்டலா, நிஜமாகவே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா? அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பாக்ஸில் என்ன என்பதும் அவளுக்குத் தெரியாது. அம்மா விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்விடுவதால் வீட்டில் சமையல் இவர்தான். அவர் கட்டிக் கொடுப்பதை அவள் மதியம்தான் திறந்து பார்ப்பாள்.

“இட்லி.”

“இல்ல மேடம்.”

“எலுமிச்சஞ் சோறு.”

“அதுவும் இல்ல.”

பிள்ளைகள் சிரித்தார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தார்.

“எனக்கு எப்படித் தெரியும்? கட்டினது நீங்கதானப்பா.”

சிரிப்பு நின்றது. பாக்ஸ் கை மாறிக் கை மாறி அவள் மடிக்கு வந்தது. இன்னும் சூடாக இருந்தது. சன்னலோரம் இருந்த ஜெயஷீலா எழுந்து இடம் மாற்றிக்கொண்டாள்.

பஸ் திரும்பும்போது வள்ளிமயில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். சுடலைமணி முதுகைக் காட்டிக்கொண்டு, கண்டக்டர் உட்பட அத்தனை பேரும் ஏறிப் போய்விட்ட பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்: “பசுவந்தனை, பசுவந்தனை, எடமிருக்கு.”