சந்தனப் பொட்டு வைத்த ஜி.பி.எஸ்.

போன வருடம் பங்குனி மாதம், எங்கள் செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தைத் தாண்டி இருக்கிற பாறைக்காட்டில் நடந்தது இது.

என் கணவருக்குச் சர்க்கரை. தினமும் ஊசி போட்டுக்கொள்கிறார். டாக்டர் நடக்கச் சொன்னார். கோட்டைப் பக்கம் நடந்தால் தெரிந்தவர்கள் எல்லாம் நிறுத்தி, "இன்னா சார், இப்டி எளைச்சிட்டீங்க?" என்று கேட்கிறார்களாம். அதனால் மனிதர் ஞாயிறுதோறும் வயல்வெளி வழியாகப் பாறைக்காட்டுக்குள் போக ஆரம்பித்தார். அங்கே எந்தக் குன்றைப் பார்த்தாலும் கல்லைக் கொட்டி வைத்ததுபோல ஒரே மாதிரி இருக்கும். போனில் டவர் கிடைக்காது. ஒரு நாள் வழி தவறி மதியம் மூன்று மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் நான் அழுது முடித்து, சோறு வடித்து, திரும்பவும் அழ ஆரம்பித்திருந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன், கையில் எடுத்துப்போகிற ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கிவிடுவதென்று. அப்போது தினமும் திண்டிவனத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு மாதம், போக வர பஸ்ஸில் அதைப் பற்றிய வீடியோக்கள்தான். எது நல்லது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தலைவலிதான் மிச்சம்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு கடைக்கு இருவரும் போனோம். இரண்டு கருவிகள் தேறின. ஒன்று தடியாக, பட்டன் வைத்தது, பென்சில் செல் போடுவது. இன்னொன்று மெலிசாக, பெரிய கலர் திரையோடு, சார்ஜ் போடுவது. அவர் தடியானதைக் கையில் எடுத்தார்.

"இது போதும்மா. செல்லு தீந்தா பொட்டிக்கடையில கூட கெடைக்கும்."

"பழைய ரேடியோ மாதிரி இருக்குது. ஒரு மாசமா மண்டைய ஒடைச்சிக்கினது நானு. உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றேன், கடைக்காரர் முன்னாலேயே. என் கணவர் அதை மேசைமேல் வைத்துவிட்டார். கலர் திரைதான் வீட்டுக்கு வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சாமி முன்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் வண்டி வந்தாலும் சந்தனம், குங்குமம் வைக்காமல் தொடமாட்டோம். திரையில் வைத்தால் கறையாகுமே என்று அடிப்பக்கம் தாராளமாகச் சந்தனம் வைத்தேன். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்திருந்தேன். படுக்கப் போகுமுன் ஒயரைச் சொருகும்போது இறுக்கமாகத்தான் இருந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று அழுத்திவிட்டுப் படுத்தேன். அந்த நாட்களில் நின்றுகொண்டே தூங்குகிற அளவுக்கு எனக்கு அசதி.

காலையில் நானும் கூடப் போனேன். வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்தோம். அவர் கருவியை முடுக்கி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் கண்ணாடி கொண்டுபோகவில்லை. நடக்கிற வழி பச்சைக்கோடாகத் தெரிந்தது, அது போதும் எனக்கு. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடப் போகிறோம், வழி காட்டத்தான் கருவி இருக்கிறதே என்று பிஸ்கட் பையை வண்டியிலேயே விட்டுவிட்டேன்.

மூன்றாவது குன்றைத் தாண்டியதும் திரை அணைந்தது. எதை அழுத்தியும் உயிர் வரவில்லை. திரும்பி நடந்தோம். இரண்டாகப் பிளந்த ஒரு பாறையை மூன்று முறை பார்த்தோம். வெயில் ஏறிவிட்டது. திடீரென்று அவர் உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. சர்க்கரை இறங்குகிறது. என்னிடமோ ஒரு மிட்டாய்கூட இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"இன்னாக்கா, சாருக்கு இன்னா ஆச்சு?"

"சுகர் எறங்கிடுச்சிம்மா. இனிப்பா எதனா இருக்குதா?"

இடுப்புக் கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மத்தியானத்துக்கு வைத்திருந்த டீ. சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தார். என் கணவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அந்தப் பெண் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு எங்களை வண்டிவரைக்கும் கொண்டுவந்து விட்டார். அடுத்த குன்றுக்குப் பின்னால்தான் ரோடு இருந்தது.

"வழி தெரியலன்னா மொதல்லயே ஒரு கொரலு குடுக்கறதுதானே?" என்று சிரித்துவிட்டுப் போனார். பேரைக்கூடக் கேட்கவில்லை நான்.

சாயங்காலம் கருவியை செல்போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஊசியால் துளையை நோண்டினார். மஞ்சளாகப் பொடி கொட்டியது. "அக்கா, பூச போட்டீங்களா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"காலையிலயே பாத்தேன். பேட்டரி செவப்புல இருந்துச்சி."

"பாத்துட்டு ஏங்க சொல்லல?"

"ஒரு மாசம் அலைஞ்சி வாங்கின. சொன்னா மறுபடியும் கத்துவ. அதான்."

வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, பஸ் நெரிசல் என்று எல்லா அசதியையும் நான் இறக்கிவைத்தது அவர் தலையில்தான். அசந்துபோனவளுக்குக் கத்த உரிமை உண்டு என்றே நினைத்திருந்தேன்.

பிறகு பென்சில் செல் போடுகிற தடியான கருவியையே வாங்கினோம். அவர் தேர்ந்தெடுத்தார், நான் பக்கத்தில் நின்றேன். இப்போதும் அசதி குறைந்தபாடில்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் கிளம்புமுன், "எதனா சொல்லணுமா?" என்று கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை நிற்கிறேன். காட்டில் வழி தவறியதை நான் மறந்துவிடுவேன். உயிர் போகிற விஷயத்தைக்கூட என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு ஒரு மனிதர் என்னோடு நடந்து வந்தாரே, அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.