மாரீஸ்வரன் கையை எடுத்த நேரம்

வன்னியம்பட்டி இருளப்பசாமி ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநாலு வருடம் காக்கி போட்ட மனுஷன்; கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். மகன் மாரீஸ்வரன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு துபாய் போனான், சிங்கப்பூர் போனான், டொராண்டோ குளிரில் விரல் விறைக்க வாசித்துவிட்டு வந்தான். "மகன் என்ன செய்யுறான்?" என்று ஊரில் யாராவது கேட்டால் ஏட்டையாவிடம் ஒரே பதில்தான். "ஒரு பாட்டுக்காரன் பின்னால நிக்கான்."

அந்தப் பாட்டுக்காரன் வஜ்ரன். பேர்போன ராக் பாடகன். மேடையில் அவன் தலையைச் சிலுப்பினால் போதும், பத்தாயிரம் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தும். குரல் உண்டு, இல்லையென்று சொன்னால் நம் நாக்கு அழுகிப்போகும். ஆனால் கிட்டார்? ஐயோ சாமி! அவன் மார்பில் தொங்குகிற சிவப்பு கிட்டார் வெறும் அலங்காரம், அதிலிருந்து ஒரு சத்தமும் வெளியே போகாது. ஒவ்வொரு கச்சேரியிலும் கிட்டார் மட்டும் தனியாக அலறுகிற இடம் ஒன்று வரும். ஒரு நிமிடம். அப்போது விளக்கெல்லாம் வஜ்ரன் மேல்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஆட்டுவான். வாசிக்கிறவனோ டிரம்ஸுக்குப் பக்கத்து இருட்டில் நிற்கிற மாரீஸ்வரன். பன்னிரண்டு வருடமாக இந்தக் கூத்துதான். டிவியில் காட்டினாலும் வஜ்ரனின் விரலைத்தான் காட்டுவார்கள். ஏட்டையா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்கலே இருக்க?" என்பார்.

போலீஸ் தேர்வுக்கு ஓடிக் காட்ட வேண்டிய நாளில், கல்லூரி பஸ்ஸின் கடைசி சீட்டில் கற்றுக்கொண்ட வாசிப்பை நம்பிச் சென்னைக்கு ரயில் ஏறியவன் மாரீஸ்வரன். அப்பா அடித்திருந்தால்கூடத் தேவலை. ஓட்டத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஷூவைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். வயது முப்பத்தெட்டாகியும் அவனுக்கு அது ஆறவில்லை. தான் வாசிப்பதை அவர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று கிடந்தான்.

போன தை மாதம் வஜ்ரன் கச்சேரி பக்கத்திலிருக்கிற ராஜபாளையத்துக்கே வந்தது. ஒரு மில்லின் பொன்விழா. அம்மா வெள்ளைத்தாய் போனில் சொன்னாள்: "அவிய வரமாட்டேன்னுதான் நின்னாக. நான் விடல. வெள்ளைச் சட்டைய இஸ்திரி போடக் குடுத்திருக்காக, பாத்துக்கோ."

மதியம் மைக் சரிபார்க்கும்போது மாரீஸ்வரன் வெட்கத்தை விட்டு வஜ்ரனிடம் கேட்டான்.

"அண்ணே, இன்னைக்கு எங்கப்பா வாராரு. அந்த ஒரு நிமிஷம் மட்டும் லைட்ட எம்மேல போடச் சொல்லுங்கண்ணே."

"உங்க ஊருடா இது! இதக்கூட செய்ய மாட்டேனா? போடச் சொல்றேன், போ."

ஏழரை மணிக்கு அந்த இடம் வந்தது. அப்பா இரண்டாவது வரிசையில், கையைக் கட்டியபடி. மாரீஸ்வரன் உயிரைக் கொடுத்து வாசித்தான். பத்து நொடி ஆயிற்று, இருபது ஆயிற்று. விளக்கு வரவில்லை. வஜ்ரன் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஆட்டிக்கொண்டிருந்தான், கூட்டம் அவனைப் பார்த்துக் கத்தியது, அப்பாவும் அவனைத்தான் பார்த்தார். மாரீஸ்வரன் மனதுக்குள் வைதான்: சண்டாளப் பாவி, எங்கப்பன் முன்னாலயுமா! நான் நிறுத்தினால் உன் விரல் என்ன பேசும், பார்ப்போம். இரண்டு கையையும் கம்பியிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினான்.

தன் வாசிப்பைத் தானே கேட்பதற்காகக் காதில் மாட்டியிருந்த கருவியில் கிட்டார் நின்றுபோனது. ஆனால் கூட்டம் ஆடிக்கொண்டே இருந்தது. கருவியைப் பிடுங்கினான். மைதானத்துப் பெரிய ஸ்பீக்கரில் கிட்டார் அலறிக்கொண்டிருந்தது, ஒரு சுரம் பிசகாமல். அவனுடைய வாசிப்பேதான். ஆறு மாதம் முன்னால், "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று சென்னை ஸ்டுடியோவில் எல்லாப் பாட்டையும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்திருந்தார்கள். எத்தனை மேடையில் அதை ஓடவிட்டார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் விளக்கு வந்தது. வஜ்ரன் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான், கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். பெரிய திரை முழுக்க மாரீஸ்வரன், இரண்டு கையையும் தூக்கியபடி. கிட்டார் மட்டும் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. கூட்டம் அதையும் ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. ஏட்டையா தட்டவில்லை.

கச்சேரி முடிந்து, கார் நிற்கிற இடத்துக்கு ஓடினான். அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள். அப்பா வெளியே நின்றார்.

"நீ கையத் தூக்கிட்டு நிக்க, சத்தம் அது பாட்டுக்கு வருது. பன்னெண்டு வருஷமா இதுதானாலே?"

"இல்லப்பா. அந்தச் சத்தமும் நான்தாம்பா. முன்னாடியே வாசிச்சு எடுத்து வச்சுட்டாங்க. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். சத்தியமாப்பா."

ஏட்டையா ஸ்டேஷனில் இப்படி எத்தனை சத்தியம் கேட்டிருப்பார்! அதட்டுவார் என்று மாரீஸ்வரன் நினைத்தான். அதட்டினால்கூட நன்றாயிருக்கும் என்றிருந்தது. அவரோ பக்கத்தில் வந்து அவன் தோளில் கையை வைத்தார். அவர் அப்படித் தொட்டு இருபது வருடமாவது இருக்கும்.

"சரி விடுலே, அழாத. ஊருல யாரும் கேட்டா, நீதான் வாசிச்சன்னே நான் சொல்லிக்கிடுதேன்."