கேட்டு போட்ட நேரம்

வேங்கிக்கால் அலுவலகத்தில் நகரத்தின் பழைய புகைப்படங்களைத் தெரு, வண்டி, கட்டடம் என்று வகை பிரித்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, உடன் வேலை செய்யும் முரளி வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான். உப்பும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசனையில், மேம்பாலம் வருவதற்கு முன்பிருந்த ரயில்வே கேட்டுக்கே போய்விட்டேன்.

கேட்டு போட்டதும் கீழ்பென்னாத்தூர் பஸ்கள் ஒவ்வொன்றாக இன்ஜினை அணைக்கும், அதுவரை கேட்காத இருமலும் குழந்தை அழுகையும் வளையல் சத்தமும் காதில் விழும், அதற்குள் என் அம்மா வேர்க்கடலைத் தட்டை உயர்த்திப் பிடித்து, "மல்லாட்ட, சூடா மல்லாட்ட!" என்று ஜன்னல் ஜன்னலாக நடப்பாள்; பள்ளி விட்டு வந்த நான் வேப்பமரத்தடியில் பழைய பேப்பரைக் கூம்பு கூம்பாகச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

அடுத்துத் திரையில் வந்தது, பாலத்துக்குத் தூண் எழும்பும் படம். கீழ் ஓரத்தில் பஸ் ஜன்னல்கள், நீட்டிய கைகள், நடுவே அம்மா. அந்த வயது அம்மாவின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

"கீழ கூட்டம் ஜாஸ்தியா இருக்கு மேடம். வெட்டிடலாமா? தூண் தெரிஞ்சா போதும்ல?" என்றான் முரளி.

"வெட்டாத முரளி. அது எங்கம்மா."

உடனே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். முகம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள் என நினைத்தேன்.

"தட்டுல மல்லாட்ட இருக்குதா, பாரு."

படத்தைப் பெரிதாக்கினேன். "இல்லம்மா, காலியா இருக்கு."

"அப்ப அன்னிக்கு ரயிலு நல்லா லேட்டுடி!" என்று சிரித்தாள் அம்மா.