கழுத்தெலும்பை அளந்தவர்

நெல்மூடை சுமந்து என் கழுத்தெலும்பு விலகியிருந்தது. வலது கை விறைத்து, சட்டைப் பொத்தான்கூடப் பூட்ட முடியவில்லை. எலும்பில் ஆணி வைத்துச் சத்திரசிகிச்சை செய்தால் கை திரும்பும் என்றார்கள். இரண்டு முறை நாள் தள்ளிப்போய், மூன்றாம் முறையும் மாங்குளத்தில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

ஸ்கான் படத்தில் எலும்பை அளப்பவர் ஒல்லியான மனிதர். கணினியில் ஒவ்வோர் எலும்பை அளக்கும்போதும் தன் பிடரியில் அதே எலும்பை விரலால் தேடிப் பிடித்துக்கொள்வார். அன்றும் பிடித்தபடியே தலையை ஆட்டினார்.

"அண்ணை, உங்கட எலும்பு ஒடுக்கம். வந்திருக்கிற ஆணி தடிப்பு. மெல்லிசு வரட்டும்."

"எவ்வளவு கூட?"

"அரை மில்லிமீற்றர்."

"அதுக்கோ என்னைத் திருப்பி விடுறியள்? தச்சன் எண்டால் தட்டி இறக்கியிருப்பான்!"

"கதவுக்கு இறக்கலாம் அண்ணை. உங்கட எலும்புக்குப் பக்கத்தில மூளைக்குப் போற இரத்தக்குழாய் ஓடுது."

"மெல்லிசு எப்ப வரும்?"

"தெரியாது."

ஆத்திரத்தோடு எழுந்து, இடது கையால் பொத்தானோடு மல்லுக்கட்டினேன். அவர் வந்து பூட்டிவிட்டார். பூட்டிய விரல் அப்படியே என் பிடரிக்குப் போய், எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணியது. ஆறுதலுக்காக எண்ணினாரா, தன் அளவில் சந்தேகம் வந்து எண்ணினாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆணியும் இன்னும் வரவில்லை.