அடைப்பு வீடு

ஓடு போட்டுவிட்டால் வாடகைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை என்று அம்மாவிடம் சொன்னவள் நான்தான். அந்த வருஷங்களில் அல்லிநகரம் வழியாகக் கம்பத்துக்குப் போகும் பாதையில் பகல் முழுவதும் வண்டிகள் ஓடின. மலைக்கு மேலே அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் அரிசி, சுண்ணாம்பு, இரும்பு, கயிறு என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒரு சிறு வீடு இருந்தது. இரண்டு அறை, மண்சுவர், மஞ்சம்புல் கூரை. மாட்டு வியாபாரம் செய்த அப்பா அதை வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டினார். நானும் அம்மாவும் அதன் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா காலராவில் போன பிறகு எங்கள் அடுப்பு எரிந்தது அந்த வாடகையில்தான்.

ஓடைப்பட்டியில் சித்தப்பா இருந்தார். சந்தைக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். "அண்ணன் பொண்டாட்டியும் பிள்ளையும் தனியாக் கெடக்குறதுக்கு நான் என்ன செத்தா போனேன்?" என்று கேட்பார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போனால், மிஷன் பள்ளியில் சிறுமிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் என் வேலை நின்றுவிடும். சித்தியின் தொழுவமும் திரிகையும் என் பங்குக்கு வரும். எங்கள் குடும்பத்தில் ஆண், பெண் யாரை எடுத்துக்கொண்டாலும் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் தெருவில் நடப்பேன். அப்படி நடப்பதற்கு அந்த இரண்டு அறைகள் வேண்டியிருந்தன. வாடகை வரும் வரை நாங்கள் யார் வீட்டிலும் ஒண்ட வேண்டாம். நின்றால், ஓடைப்பட்டி வண்டி வாசலுக்கு வந்துவிடும்.

வாடகைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லப் போனால் நீளும். ஒரு நெசவுக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓர் அறையின் நடுவில் தறிக்குழி தோண்டினார். போகும்போது தறியைக் கழற்றிக்கொண்டு போனார், குழியை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் ஆடு வளர்ப்பவர். குட்டிகளை உள்ளேயே கட்டினார். சுவரின் உவர்மண்ணை அவை நக்கி நக்கி, என் இடுப்பு உயரத்துக்குச் சுவர் உள்வாங்கிப் போயிற்று. இவை போதாதென்று வருஷந்தோறும் புல் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒழுகும். ஒழுகினால் வாடகை கேட்கப் போக முடியாது. "மொதல்ல கூரையப் பாரு தாயி, பெறகு கையை நீட்டு" என்று வாசலிலேயே சொல்வார்கள்.

அதனால் ஓடு போட்டோம். அம்மாவின் காதுப் பாம்படம் ஓடாக மாறியது. கழற்றிக் கொடுத்துவிட்டு அம்மா வெற்றுக் காது தொங்குவதை மறைக்க முக்காடு போட்டுக்கொள்ளப் பழகினாள். ஆடு நக்கிய சுவரைக் கொத்தனார் பூசிக் கொடுத்தார். பழைய கம்புகளை எடுத்துவிட்டு, ஓட்டைத் தாங்கக் கனமான கைமரங்களை ஏற்றினார்கள். சூளையிலிருந்து நாட்டு ஓடுகள் வந்து இறங்கியபோது, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கீறல் விழுந்தவற்றை நான் திருப்பி அனுப்பினேன். சூளைக்காரர், "படிச்ச பிள்ளைகிட்ட ஓடு விக்கிறதுக்கு மண்ணைத் தின்னுட்டுக் கெடக்கலாம்" என்றார். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

ஓட்டு வீட்டுக்கு முதலில் குடி வந்தவர்கள் வண்டிக்காரர்களுக்குச் சோற்றுக்கடை வைத்திருந்த புருஷனும் பெண்சாதியும். பிள்ளைகள் இல்லை. வாடகை சொன்ன நாளில் வந்தது. அந்த அம்மாள் பேசாமல் இருக்கத் தெரியாதவள். முதல் மழை பெய்த மறுநாள் காலையில் என்னைப் பார்த்து, "ஒழுகாத வீட்டுல படுத்தா தூக்கமே வர மாட்டேங்குது தாயி. விடிய விடியச் சட்டியத் தூக்கி வச்சே பழகிப்போச்சு" என்றாள். நானும் அம்மாவும் அன்று சிரித்ததுபோல் பிறகு சிரித்த நினைவில்லை.

அவள் புருஷன் ஒருமுறை அரிசி மூட்டைகளோடு மலைக்குப் போனார். குளிர்காய்ச்சலோடு திரும்பினார். கஷாயம், கொயினா மருந்து எதற்கும் காய்ச்சல் நிற்கவில்லை. புரட்டாசியில் ஒரு மத்தியானம் போய்விட்டார்.

கெங்குவார்பட்டியிலிருந்து அந்த அம்மாளின் அண்ணன்மார் இருவர் வந்து சேர்ந்தார்கள். பாடை கட்டும்போதே ஒரு கிழவர் நட்சத்திரத்தைக் கேட்டார். அவிட்டம் என்று யாரோ சொன்னதும் அழுகைகூட ஒரு கணம் நின்றது. எங்கள் பக்கத்தில் அதை அடைப்பு என்பார்கள். சில நட்சத்திரங்களில் உயிர் போனால் பிணத்தை வாசல் வழியாக எடுக்கமாட்டார்கள். சுவரை உடைத்து அந்த வழியாக எடுத்து, உடனே அடைத்துவிடுவார்கள். அவிட்டமென்றால் அதன் பிறகு ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப் போட வேண்டும்.

மூத்த அண்ணன் கடப்பாரையோடு என்னிடம் வந்தார். நான், "வாசல் அகலமாத்தான இருக்கு. அது வழியா எடுக்கலாமே" என்றேன்.

"எடுக்கலாம் தாயி. போனவரு அதே வழியா ஆறு மாசத்துக்குள்ள திரும்பி வந்து இன்னொருத்தரக் கூட்டிட்டுப் போவாரு. நீ கூடப் போறியா?"

இளையவர் பின்னாலிருந்து, "வேதக்காரகளுக்கு நாள் நட்சத்திரம் கெடையாதுண்ணே. அவுக செத்தா மணியடிச்சு நேரா மேல கூட்டிட்டுப் போயிருவாக" என்றார். துக்க வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

கிறிஸ்தவர்களான எங்களைத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஒடைக்கட்டும். ஒடைக்காட்டி இந்தச் சென்மத்துக்கும் இங்கன யாரும் குடி வர மாட்டாக. ஒடச்சா ஆறு மாசம். அதை எப்படியாவது தள்ளிருவோம்" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கு யோசித்தாலும் வேறு வழி தெரியவில்லை. மேற்குப் பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். பின்சுவரை உடைத்தால் பிணம் எங்கள் அடுப்பங்கரைக்குள் வர வேண்டும். முன்சுவரில் வாசல். மிச்சம் கிழக்கே இருந்த கீழ்ச்சுவர்தான், கைமரங்கள் வந்து உட்கார்ந்திருந்த சுவர். புல்லுக் கூரையாக இருந்திருந்தால் அது பெரிய விஷயமே இல்லை. எங்கள் தெருவில் பல வீட்டுச் சுவர்களில் அப்படி உடைத்து அடைத்த தடம் இருக்கும். புல் கனமில்லாமல் மேலே கிடக்கும். கீழே மண்ணைக் குழைத்து அப்பிவிட்டால் தீர்ந்தது. எங்கள் சுவரோ ஓட்டின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒழுகக்கூடாது என்று நாங்கள் ஏற்றிய பாரம்.

கடப்பாரை விழுந்த சத்தத்தை நான் பின்னறையில் உட்கார்ந்து கேட்டேன். பிணம் போனதும் கல்லையும் மண்ணையும் வைத்து அடைத்தார்கள். அந்த அம்மாள் அண்ணன்மாரோடு கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல், "ஒழுகாத வீட்டுல ஓட்டை போட்டுட்டுப் போறேன் தாயி" என்றாள். வீட்டைப் பூட்டினோம்.

ஈரமண் காயக் காயச் சுருங்கியது. அடைத்த இடத்துக்கு மேலே விரல் நுழையும் விரிசல் விட்டது. ஐப்பசிக்குள் சரிசெய்தாக வேண்டும் என்று கொத்தனாரிடம் ஓடினேன். அவர் வெளியே நின்றே பார்த்தார். "உள்ள முட்டுக் குடுத்துட்டுத்தான் இதப் பிரிச்சுக் கட்டணும். ஆனா மெட்ராசு தொரையே வந்து கூப்பிட்டாலும் அடைப்பு முடியாம உள்ள கால் வைக்க மாட்டேன். எனக்கும் நாலு பிள்ளைக இருக்கு" என்றார். வேறு ஆட்களைக் கேட்டேன். கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றேன். ஒருவர்கூட வரவில்லை.

கடைசியில் நானும் அம்மாவும் பூட்டைத் திறந்து உள்ளே போனோம். இரண்டு வேப்பங்கட்டைகளை உருட்டிக்கொண்டு போய்க் கைமரத்துக்கு அடியில் நிறுத்தப் பார்த்தோம். அம்மா பிடிக்க, நான் கல்லால் அடித்து இறுக்கினேன். முட்டு எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள் எங்களைப் பார்த்து விலகி நடந்தார்கள். "சோத்துக்கடைக்காரரு கஞ்சி கேட்டாரா?" என்று ஒருத்தி திரும்பிக் கேட்டாள். அடுத்த வாரம் பள்ளியில் என் வரிசையில் மூன்று சிறுமிகளைக் காணோம்.

ஐப்பசி மழை பிடித்தது. கீழ்ச்சுவர் நாளுக்கு நாள் தொந்திபோல் வெளியே தள்ளிக்கொண்டு வந்ததை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். பார்ப்பதைத் தவிர செய்வதற்கு எதுவும் இல்லை. ஒரு காலை, நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சுவர் உட்கார்ந்தது. சத்தம் அதிகமில்லை, மழை அமுக்கிவிட்டது. பிறகு ஓடுகள் சரிந்தன. அந்தச் சத்தம் நெடுநேரம் இருந்தது. நான் தட்டித் தட்டி வாங்கிய ஓடுகள்.

தெருவில் அதற்கு ஒரு காரணம் உடனே தயாராயிற்று. மழை இல்லை, பாரம் இல்லை. செத்தவர் திரும்பி வந்து, வழி அடைத்திருப்பதைக் கண்டு சுவரைத் தள்ளிவிட்டார் என்றார்கள். இனி ஆறு மாதம் கழிந்தாலும் பயனில்லை என்பது அந்தப் பேச்சில் எனக்கு விளங்கியது.

மேற்குப் பக்கத்து அறை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதையாவது வேதக்காரக் குடும்பம் எதற்காவது விடலாம் என்று எங்கள் வேதக்கோயிலில் சொல்லி வைத்தேன். பங்குனியில், அடைப்பு முடிந்த பிறகு, உபதேசியாரின் மருமகன் கைக்குழந்தையோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு பார்க்க வந்தார்.

"நமக்கு அந்த மூடப்பழக்கமெல்லாம் கெடையாது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். "ஞானஸ்நானம் வாங்குன அன்னைக்கே எங்க தாத்தா எல்லாத்தையும் தலை முழுகிட்டாக."

சுவரைத் தட்டினார். கூரையைப் பார்த்தார். நல்ல ஓடு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த நட்சத்திரம்னு சொன்னாக?" என்று கேட்டார்.

"அவிட்டம்."

அவர் மனைவி முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். அவர் வாசல்பக்கம் திரும்பினார். "வீடு நல்ல வீடுதான். கெணறுதான் கொஞ்சம் தூரம்" என்றார். கிணறு வாசலுக்கு எதிரே இருந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

அதன் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கோடையில் எங்கள் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. பள்ளியில் கிடைத்தது உப்புக்கும் மிளகாய்க்கும் சரியாக இருந்தது. நின்ற அறையின் கைமரத்தில் கரையான் ஏறியதை அம்மாதான் முதலில் பார்த்தாள். என்னிடம் சில நாள் சொல்லாமல் இருந்தாள்.

சித்தப்பா வந்தார். இந்த முறை எதையும் கேட்கவில்லை. இடத்தை வாங்க ஒரு வண்டிப்பேட்டைக்காரர் இருக்கிறார், மாடு கட்டுவதற்கு நட்சத்திரம் பார்க்கமாட்டார் என்று மட்டும் சொன்னார். அம்மா தலையாட்டினாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பத்திர ஆபீசில் அம்மா பேனாவை விறகுபோல் பிடித்து ஒரு கீறல் போட்டாள். வாங்குகிறவரும் கீறல்தான் போட்டார். சித்தப்பா சாட்சிக்கு ஒரு கீறல். எனக்கும் பாத்தியதை உண்டென்று அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் என் பெயரை முழுதாக எழுதினேன். அங்கிருந்த குமாஸ்தா காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்கே. யாரு படிக்க வச்சாக?" என்றார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அவுக அப்பாதான்" என்று சொன்னாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. அவளுக்கு அது உண்மையாகவே பெருமை.

நான் மை காயும் வரை காத்திருக்காமல் வெளியே வந்தேன். ஓடைப்பட்டி வண்டி நின்றிருந்தது. எங்கள் பானைகளும் பாயும் அதில் ஏற்கெனவே ஏறியிருந்தன. திரிகைக்கு இன்னொரு கை வந்துவிட்டது என்று சித்தி யாரிடமோ சொல்லி அனுப்பியிருந்ததாக வழியில் சித்தப்பா சந்தோஷமாகச் சொன்னார்.