நான் தைத்த பக்கம்

அந்தப் புத்தகத்தின் முதல் இரண்டு தாள்களை ஓரத்தில் சேர்த்துத் தைத்தவள் நான்தான். கறுப்பு நூல், பதினொரு தையல். உள்ளே மறைந்துபோனது காப்புச் செய்யுள். புத்தகத்தின் தொடக்கத்தில் கவி தன் சாமியைக் கும்பிட்டுப் பாடி வைத்த நான்கு வரிகள் அவை. இத்தனை வருஷமாக அவை என் பெட்டிக்குள் இருக்கின்றன. நேற்று வரை நான் அவற்றைப் படித்ததில்லை. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை வாசித்தவள், படிக்கத் தெரியாமலில்லை.

புத்தகம் என் அண்ணனுடையது. வட ஆற்காட்டிலிருந்து நாங்கள் தங்கச் சுரங்க வேலைக்காக ஊரிகத்துக்கு வந்து, குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கிய பிறகு, அண்ணன் சபையில் பாதிரியாருக்குக் கீழே வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஆனார். எங்கள் அப்பா ஊரில் காவியம் படித்துப் பொருள் சொல்லி வந்தவர். அந்தக் குரலும் அந்த ஒரு புத்தகமும் அண்ணனுக்கு வந்தன. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் செய்யுளைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை. அதனால் சபையில் சேராத, சாமி கும்பிடுகிறவர்களே வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எங்களுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். பாதிரியார் யோசித்து, சம்மதம் சொன்னார். கதையில் நீதி இருக்கிறது, தமிழ் நல்ல தமிழ், கேட்க வருகிறவர்கள் வேதத்தையும் கேட்பார்கள் என்பது அவர் எண்ணம். ஆனால் அந்நிய தெய்வத்தின் துதியை உபதேசியார் வாயால் பாடக்கூடாது, அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்.

அண்ணன் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "கிழிக்க மனசு வரலம்மா. நீ தைச்சிடு" என்றார்.

அந்தக் கவியைப் பற்றி அப்பா சொன்ன கதை எங்கள் இருவருக்கும் தெரியும். பாதி எழுதியபோது அவருக்குக் கண் பார்வை போனதாம். மலைமேல் இருந்த சாமியிடம் வேண்டிக்கொண்டு கிடந்தாராம். பார்வை திரும்பிய அன்று முதலில் எழுதியது இந்த நான்கு வரிகளைத்தானாம். அது உண்மையோ, படிக்கிறவர்கள் கட்டிய கதையோ, எனக்குத் தெரியாது. ஊசியைக் குத்தும்போது அது ஞாபகம் வந்தது. கை நிற்கவில்லை.

காப்பு பாடாததை முதல் ஞாயிறே லைன் ஆட்களின் மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டார். நரைத்த மீசைக்காரர், கேலி பேசாமல் அவரால் இருக்க முடியாது. "இன்னா உபதேசியாரே, தலைய வூட்டுல வெச்சிட்டு முண்டத்த எடுத்துக்கினு வந்தீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் காப்பு சொல்லாமல் ஆரம்பித்த பாட்டு கேட்டவர்களுக்கு ஆகாது என்று லைனில் பேச்சு கிளம்பிவிட்டது.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில், கீழே சுரங்கத்துக்குள் பாறை சரிந்தது. மூன்று பேர் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். மூவரும் ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து கதை கேட்டவர்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாயில் நாங்கள் நின்றோம். கேஜ் கூண்டு ஆட்களோடு இறங்கும், கல்லோடு ஏறும். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் கேஜுக்குள் எட்டிப் பார்த்தேன். பாதிரியார் என்ஜின் கொட்டகை ஓரத்தில் எங்களுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். காலையிலிருந்து அவரும் தண்ணீர் குடிக்கவில்லை.

மத்தியானம் தாண்டியதும் மேஸ்திரி அண்ணனிடம் வந்தார். அப்போது அவர் குரலில் கேலி இல்லை. "அந்தக் காப்ப பாடிடுங்க. உங்க மச்சானும் உள்ளதான் கீறாரு."

அண்ணன் பாதிரியாரைப் பார்த்தார். பாடினால் வேலை போகும், சபை கொடுத்த வீடு போகும். பிறகு என்னைப் பார்த்தார். நான் பாடச் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை. ஆனால் கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெபம் பண்ணிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் நான் அந்த நான்கு வரிகளுக்காகக் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

புத்தகம் வீட்டில் இருந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பா பாடும் ராகத்தில், சாமியின் பெயரை விழுங்காமல் முழுதும் பாடினார். என்ஜின் சத்தத்தில் எனக்குப் பாதி கேட்கவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரரையும் இன்னொருவரையும் உயிரோடு ஏற்றினார்கள். மூன்றாமவரைப் பிணமாக ஏற்றினார்கள். பாட்டு காப்பாற்றியது என்று சொல்ல வந்தவர்களும், பாதிரியாரின் ஜெபம்தான் என்று சொல்ல வந்தவர்களும், செத்தவர் வீட்டு வாசலில் வாயை மூடிக்கொண்டார்கள்.

மறுநாள் பாதிரியார் அண்ணனைக் கூப்பிட்டார். நானும் போயிருந்தேன். அவருக்கு அண்ணனை விட மனசில்லை. "வெறும் பாட்டாகத்தானே பாடினீர்? அப்படி ஒரு வார்த்தை சொல்லும், போதும்" என்றார்.

அண்ணன் சொன்னார்: "நான் கும்பிடல ஐயா. ஆனா வெறும் பாட்டுன்னு சொல்ல வராது. எழுதினவரு அத்த உசுரக் குடுத்துக் கும்பிட்டாரு. அத்த இல்லன்னுட்டு அவரு கதைய மட்டும் நான் எப்படி வெச்சிக்க?"

என் முகத்தைப் பார்த்துத்தான் பாடினார் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு நாளில் அண்ணன் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்தார்.

லைன்காரர்கள் அவர் தங்கள் பக்கம் வந்துவிட்டதாக நினைத்து விபூதித் தட்டோடு வந்தார்கள். "நான் ஞானஸ்நானம் வாங்கினவன், மன்னிச்சிக்கோங்க" என்றார். மேஸ்திரி தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அப்போ மேலயும் இல்ல, கீழயும் இல்ல. நடுவுல நின்னுபோன கேஜ் மாதிரிதான் நீ" என்றார். அண்ணன் அதற்கும் சிரித்தார். நாற்பது வயதில் சுரங்கத்தில் கல் வாரும் வேலைக்குப் போனார். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வந்து, முன்பு தான் உட்கார்ந்த உபதேசியார் நாற்காலிக்கு நேர் எதிரே, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தையலைப் பிரித்துவிடவா என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு உள்ள இருக்கறது தெரியும். உனக்கு வேணும்னா பிரி" என்றார். நான் பிரிக்கவில்லை.

போன மாசம் அண்ணனை அடக்கம் பண்ணினோம். இப்போது சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஷாப்ட் வாயில் ராத்திரியும் பகல்போல் இருக்கிறது. நேற்று காலை பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். மற்ற தாள்கள் எல்லாம் விரல்பட்டுப் பழுத்திருந்தன. கத்தரியால் பதினொரு தையலையும் அறுத்தேன். உள்ளே இருந்த பக்கம் மட்டும் பழுக்காமல் வெள்ளையாக இருந்தது.

மனசுக்குள் படித்திருக்கலாம். வாய்விட்டுப் படித்தேன். இரண்டு இடத்தில் தடுக்கியது, திரும்பவும் படித்தேன்.

வாசலில் இருந்த என் வீட்டுக்காரர், "இன்னா படிக்கிற?" என்றார்.

"அன்னிக்கு அண்ணன் உனக்காகப் பாடினது" என்றேன். "நான்தான் பாட வெச்சேன்."